எழுபது மார்க் கேம்களில் எதை வாங்குவது?

அண்ணன் மகன் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்துவிட்டான். கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருக்கிறது. ஏப்ரல் முழுக்கக் கேத்தியில் கேரட் கழுவும் இடத்துக்கு விடியும் முன்பே வேலைக்குப் போனான். சம்பளத்தில் பாதியை அம்மா கையில் கொடுத்துவிட்டு, மீதியில் ஒரு கேம் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அண்ணியும் சரி என்றுவிட்டார். ஒன்றே ஒன்றுதான். அடுத்ததைப் பற்றி தீபாவளிக்கு யோசிக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்து, நோட்டில் எழுதி வைத்திருந்த பட்டியலை நீட்டினான். “அத்தை, தள்ளுபடியில என் காசுக்குள்ள வர்றது எல்லாமே ஏதாவது ஒரு விதத்துல திட்டு வாங்குன கேமாத்தான் இருக்கு. பாதிக்கு எழுபது மார்க். இதுல எதை வாங்கறதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றான். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பச்சைத் தண்ணீரில் கை விறைத்துச் சம்பாதித்த காசு அது. இரண்டு நாள் யோசித்து அவனுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மலையில் இருந்துகொண்டு, குறைந்த காசில், ஒரு கேமைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேறு யாருக்காவது இது உதவும்.

முதலில் இந்த எழுபது மார்க்கைப் பற்றி. தமிழில் 95, கணக்கில் 45 வாங்கிய பிள்ளைக்கும், இரண்டிலும் 70 வாங்கிய பிள்ளைக்கும் சராசரி ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரியானவர்கள் என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். கேம்களுக்கு ரிவ்யூ எழுதுகிறவர்கள் தரும் மதிப்பெண்ணைச் சேர்த்துச் சராசரி போடும்போதும் இதேதான் நடக்கிறது. ஓரிடத்தில் உச்சத்தைத் தொட்டு இன்னோரிடத்தில் சறுக்கிய கேமும், எங்கேயும் சறுக்காமல் எங்கேயும் ஏறாமல் போன கேமும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. எனக்கு முதலாவது பிடிக்கும். இரண்டாவதற்குக் காசு கொடுக்க நான் தயாரில்லை. தேயிலையில் முற்றிய இலையையும் தண்டையும் சேர்த்து அரைத்தால் கோப்பையில் நிறம் வரும், மணம் வராது. குடித்தால் தப்பு என்று சொல்ல முடியாது. நாளைக்கும் வேண்டும் என்று தோன்றாது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ரிவ்யூ என்பது கேம் வெளியான வாரத்துக்கான வானிலை அறிக்கை. அதை ஐந்து வருடம் கழித்து எடுத்துப் படித்துவிட்டு இன்றைக்குக் குடை எடுத்துக்கொண்டு போகலாமா என்று முடிவு செய்ய முடியாது. எழுதுகிறவர் நாற்பது, ஐம்பது மணி நேரக் கேமை ஒரு வாரத்தில் மூச்சு முட்ட விளையாடி முடித்து எழுதுகிறார். நாம் தினம் ஒன்றரை மணி நேரம் என்று ஒரு மாதம் விளையாடுகிறோம். அவருக்குச் சலித்தது நமக்குச் சலிக்காமல் போகலாம். அவர் பொறுத்துக்கொண்டது நமக்குப் பொறுக்காமலும் போகலாம்.

இனி மலை நிலவரம். அவனிடம் இருப்பது நான்தான் பழைய பாகங்களை வைத்துக் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர். 4 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், வேகமாகத் திறக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் கிடையாது, சாதாரண ஹார்டு டிஸ்க். வீட்டில் வலைத் தொடர்பு 5 எம்பிபிஎஸ் வந்தாலே நல்ல நாள். அந்த வேகத்தில் 70 ஜிபி இறங்க இடைவிடாமல் 31 மணி நேரம் ஆகும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பேக்கை நம்பினால் 35 நாள், அதாவது விடுமுறையில் பாதிக்கு மேல். மே மாத இடிமழையில் ஏதாவது ஒரு கற்பூர மரக் கிளை லைன்மேல் விழுந்தால் கரண்ட் போகும். ஜூன் பிறந்தால் எப்போது வரும் போகும் என்று சொல்லவே முடியாது. ஆக, எந்தக் கேமைப் பார்த்தாலும் நான் மூன்று கேள்வி கேட்டேன். எவ்வளவு இறக்க வேண்டும்? வலை இல்லாமல் ஓடுமா? திடீரென்று கரண்ட் போனால் எவ்வளவு நேர உழைப்பு வீணாகும்? ஊரில் இருக்கிறவர்கள் எழுதும் ரிவ்யூக்களில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இருப்பதில்லை. நமக்கு இவைதான் பாதி முடிவைத் தீர்மானிக்கின்றன.

அவன் பட்டியலில் முதலில் இருந்தது சைபர்பங்க் 2077. இதற்கு எழுபது மார்க் இல்லை, பிசியில், அதாவது கம்ப்யூட்டரில், நல்ல மார்க்தான். அதில்தான் பாடம் இருக்கிறது. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2012-இல் அறிவித்து, 2020-இல் மட்டும் மூன்று முறை தள்ளிப்போட்டு, அந்த வருடம் டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. வெளியீட்டுக்கு முன் ரிவ்யூவுக்குக் கொடுத்தது பிசி பிரதிகளை மட்டுமே. டிவியில் மாட்டி விளையாடும் பிளேஸ்டேஷன் 4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது எப்படித் தடுமாறுகிறது என்று காசு கொடுத்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. நிறைய மார்க் வாங்கிய கேம் ஒன்று மக்களை இப்படி ஏமாற்றியதை நினைவில் வைத்துக்கொண்டால், குறைந்த மார்க் வாங்கிய ஒன்று நம்மை மகிழ்விக்கவும் கூடும் என்று நம்பத் தோன்றும்.

பிறகு அவர்கள் விடாமல் வேலை செய்தார்கள். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் திறன்களை வளர்க்கும் முறையை அடியோடு மாற்றியது, போலீஸ் துரத்தலைச் சீராக்கியது. இன்றைக்கு அது நல்ல கேம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எலும்பு உறுதியாக இருந்து தோல் கிழிந்திருந்தால் தைத்துவிடலாம். கதையும் நகரமும் மனிதர்களும் முதல் நாளிலிருந்தே அதில் உயிரோடு இருந்தார்கள், கிழிந்தது வேறு எங்கோ. ஆனால் இன்று அது கேட்கும் குறைந்தபட்சத் தேவையே 6 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1060 கார்டும் எஸ்எஸ்டியும். அவனிடம் இரண்டும் இல்லை. இழுத்துப் பிடித்து ஓட்டிப் பார்க்கலாம் என்பான். வேண்டாம் கண்ணா, அந்த நகரத்தைத் திக்கித் திணறிப் பார்க்கக் கூடாது. எஸ்எஸ்டியும் வேறு கார்டும் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது.

எங்கேயும் போய்விடாது என்று எல்லாக் கேமைப் பற்றியும் சொல்ல முடியாது. இதற்காகவே ரெட்ஃபாலையும், பட்டியலில் இல்லாத ஆந்தமையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடக்கிறேன். பயோவேர் 2019 பிப்ரவரியில் வெளியிட்ட ஆந்தமில் கவச உடை போட்டுக்கொண்டு பறக்கும் உணர்வு அவ்வளவு அழகு. பறந்து போய்ச் செய்ய வேண்டிய வேலைதான் ஒன்றுமில்லை. அதைத் திருத்தி எழுதும் திட்டத்தை 2021-இல் கைவிட்டார்கள். சர்வர்களை 2026 ஜனவரி 12 அன்று மூடுவதாக, அதன் வெளியீட்டாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்தது. சர்வர் இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியவர் கையிலும் அந்தக் கேம் இல்லை. ரெட்ஃபால் 2023 மே மாதம் வந்தது. இணையத் தொடர்பு இல்லாமல் தனியாக விளையாடக்கூட முடியாதபடி வந்தது. ஒரு வருடத்தில் அதைச் செய்த ஆர்கேன் ஆஸ்டின் ஸ்டுடியோவை மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. மூடும் முன் அந்த ஊழியர்கள் கடைசியாகச் செய்து கொடுத்த அப்டேட் வலை இல்லாமல் விளையாடும் வசதி. அந்த மனிதர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ரெட்ஃபாலின் தெருக்கள் காலி. எதிரில் வரும் காட்டேரிகளுக்கு அறிவு கிடையாது. சரியாக ஓடினாலும் அதில் செய்வதற்கு ஏதும் இல்லை. பட்டியலில் அடித்துவிட்டேன்.

நோ மேன்ஸ் ஸ்கை பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இவன் மனதளவில் அதைத்தான் தேர்ந்தெடுத்துவிட்டு வந்திருந்தான் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இருக்கும் ஹலோ கேம்ஸ் என்ற சின்னக் குழு 2016 ஆகஸ்டில் வெளியிட்டது. கணக்கு வழியாகவே உருவாகும் 1,84,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட கிரகங்கள். வேறு வீரர்களைச் சந்திக்கலாம் என்ற எண்ணத்தை முன்பே வளர்த்துவிட்டிருந்தார்கள். வெளியான உடனேயே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் போய் நின்றும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. சொன்னதில் பலதும் உள்ளே இல்லை. பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு வரை புகார் போனது. விளம்பரம் தவறில்லை என்று அந்த அமைப்பு முடிவு சொன்னாலும், வாங்கியவர்களின் கோபம் ஆறவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் குழு செய்ததுதான் அபூர்வம். பதில் பேசிக்கொண்டிருக்காமல் வேலையில் இறங்கினார்கள். 2016 நவம்பரில் வீடு கட்டும் வசதி, 2018-இல் கூடி விளையாடும் வசதி, 2019-இல் கண்ணில் மாட்டிக்கொண்டு விளையாடும் விஆர். அதற்குப் பின்னும் அப்டேட் நின்றபாடில்லை, எதற்கும் தனிக் காசு கேட்கவில்லை. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பெரும்பாலும் எதிர்மறை என்று இருந்த மக்கள் மதிப்பீடு, 2024-இல் மிகவும் நேர்மறை என்று மாறியது. எட்டு வருட உழைப்பு. வாக்குத் தவறியவர்கள் கடனை இப்படி அடைத்ததை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் இவனுக்கு அதைச் சொல்லவில்லை. காரணம், அதன் எலும்பிலேயே ஒரு குறை இருக்கிறது, அப்டேட்டால் அதைத் தீர்க்க முடியவில்லை. முதல் ஐந்து கிரகம் மாயம். இருபதாவது கிரகத்தில் தையல் தெரியத் தொடங்கும். இந்த மிருகத்தின் தலையும் அந்த மிருகத்தின் காலும் என்று புரிந்துவிடும். நம்ம லாங்வுட் சோலை நூற்றுச் சொச்சம் ஹெக்டேர்தான். அதற்குள் ஒரே ஒற்றையடிப் பாதையில் முப்பது வருடமாக நடக்கிறேன், ஒவ்வொரு மழைக்கும் ஏதாவது ஒரு காளானோ பாசியோ புதிதாகக் கண்ணில் படுகிறது. அங்கே ஒவ்வொன்றும் இன்னொன்றை நம்பி வாழ்கிறது, அதனால்தான் அலுப்பதில்லை. கோடி கோடி கிரகம் இருந்தும் அந்தப் பின்னல் இந்தக் கேமில் இல்லை. அமைதி வேண்டும், கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இது நல்ல துணை. ஆனால் இவன் கதை கேட்டு வளர்ந்தவன். எங்கள் அம்மாவிடம் “அப்புறம், அப்புறம்” என்று கேட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருந்தவன். அவனுக்கு அப்புறம் என்று ஒன்று வேண்டும். கூடவே, அடிக்கடி வரும் அந்த இலவச அப்டேட்களை ஒவ்வொரு முறையும் இறக்கத் தினம் 2 ஜிபி போதாது.

ராஜியை நானாகத்தான் பட்டியலில் சேர்த்தேன். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்டது. தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்கிறார்கள். இடையில் வரும் காட்சிகள் நிழற்பாவைக்கூத்தாக விரிகின்றன. மண்டபங்களும் கோட்டைகளும் பார்க்கும்போது நம் மண்ணில் இப்படி ஒன்று வந்துவிட்டதே என்று கண் நிறைந்தது. சண்டைதான் பலவீனம். அடி விழுந்ததா இல்லையா என்று கைக்குத் தெரிவதில்லை. கதை சூடு பிடிக்கும் இடத்தில் சட்டென்று முடிந்தும் விடுகிறது. நான்கைந்து மணி நேரம்தான். வருடத்துக்கு நான்கு கேம் வாங்குகிறவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். ஒன்றுதான் என்கிறவனிடம் எப்படிச் சொல்வேன்? என் கணக்கில் இருக்கிறது, கடைக்கு வந்து விளையாடிவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறேன்.

மிஞ்சியது இரண்டு. டேஸ் கான், மேட் மேக்ஸ். உண்மையான போட்டி இவற்றுக்குள்தான், இரண்டு நாள் யோசித்ததும் இவற்றைப் பற்றித்தான். ரிவ்யூ மார்க்குகளைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இரண்டும் எழுபதை ஒட்டி நிற்பவை. இரண்டிலும் ஆள் நடமாட்டம் அற்றுப்போன உலகம், இரண்டிலும் ஒரு தனி மனிதன், அவனுக்கு ஒரு வண்டி. இரண்டும் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கின்றன என்று ஒரே வகைக் குற்றச்சாட்டுதான். மேலோட்டமாகப் பார்த்தால் காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்துவிடலாம். ஆனால் ஒன்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற பாதை, இன்னொன்று இறங்குகிற பாதை.

மேட் மேக்ஸ் இறங்குகிற பாதை. 2015 செப்டம்பர் 1 அன்று வந்தது. மெட்டல் கியர் வரிசையின் ஐந்தாம் பாகமும் அதே நாளில் வந்ததால் பலர் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செய்தவர்கள் சுவீடனின் அவலாஞ்ச் ஸ்டுடியோஸ். பெயரைக் கேட்டதும் நமக்கு ஊட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவலாஞ்சிதான் நினைவுக்கு வரும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய இடம். இந்தக் கேமிலோ கடல் வற்றிப் போய், அதன் தரையில்தான் நாம் வண்டி ஓட்டுகிறோம். கலங்கரை விளக்கம் மணலில் நிற்கிறது, கப்பலுக்குள் கோட்டை கட்டிக் குடியிருக்கிறார்கள். குடுவையில் இருக்கும் கொஞ்சம் தண்ணீர்தான் உயிர். பாறை இடுக்கில் சொட்டும் நீரைப் பிடித்து வைக்கும்போது என் தொண்டை வறண்டது.

அதன் முதல் பதினைந்து மணி நேரம் நிஜமாகவே உயர்ந்தது. சம்பக்கெட் என்ற கூன் விழுந்த மெக்கானிக் நம் வண்டிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டே வருவான். வண்டியைச் சாமி மாதிரி கும்பிடுவான். ஓடிக்கொண்டிருக்கும்போதே கொக்கி வீசி எதிரி வண்டியின் சக்கரத்தைப் பிடுங்கலாம், கதவைப் பிய்க்கலாம். ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து நம் வண்டி வளர வளர அதன் சத்தம்கூட மாறுகிறது. வண்டிக் கடையில் நின்று வேடிக்கை பார்த்து வளர்ந்த யாருக்கும் அது இனிக்கும். மணல் புயல் வரும்போது ஒதுங்க இடம் தேடிப் பறக்க வேண்டும். பிசியில் பழுதில்லாமல், பழைய கார்டிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். 32 ஜிபிதான். வலை தேவையில்லை. தானாகவே சேவ் ஆகிக்கொண்டிருக்கும், கரண்ட் போனாலும் பெரிய இழப்பு இல்லை. பெரிய தள்ளுபடிகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். மலையில் இருக்கிறவர்களுக்கென்றே செய்த மாதிரி எல்லாப் பொருத்தமும் இருக்கிறது.

அப்புறம் வரைபடம் நம்மை விழுங்கத் தொடங்குகிறது. ஒரு வட்டாரத்தின் ஆபத்தைக் குறைக்க அங்கே நிற்கும் பயமுறுத்தும் கம்பங்களை எல்லாம் சாய்க்க வேண்டும், முகாம்களை எல்லாம் அழிக்க வேண்டும், கண்ணிவெடிகளை எல்லாம் எடுக்க வேண்டும். கண்ணிவெடியைக் கண்டுபிடிக்க நாய் வேண்டும். நாய் வர வேண்டுமென்றால் ஆசை ஆசையாய் வளர்த்த நம் வண்டியை விட்டுவிட்டு வேறொரு சின்ன வண்டியில் போக வேண்டும். முதல் தடவை நாய் குரைக்கும்போது அழகாக இருக்கிறது. பத்தாவது தடவை ரேஷன் கடை வரிசையில் நிற்கும் உணர்வு. இதைச் செய்யாமல் கதையை மட்டும் தொடரலாம் என்றால், வண்டியில் இன்ன பாகம் ஏற்றிவிட்டு வா என்று கதையே வழியை மறிக்கிறது. தண்ணீரின் அருமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோகும். கோட்டைகளைச் சீர்செய்த பிறகு அங்கே போனாலே குடுவை நிரம்பிவிடும். எந்தத் தாகம் முதல் நாளில் நம்மைக் கட்டிப்போட்டதோ, அந்தத் தாகத்தைக் கேமே தணித்துவிடுகிறது. இந்தத் தவறுதான் என்னை மிகவும் வருத்தியது. செய்தவர்களிடம் அருமையான ஒரு எண்ணம் இருந்தது. வரைபடத்தை நிரப்ப வேண்டும் என்ற வழக்கம் அதை மூடிவிட்டது.

டேஸ் கான் ஏறுகிற பாதை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் பெண்ட் ஸ்டுடியோ, தன் ஊர்க் காட்டையே களமாக வைத்துச் செய்தது. 2019 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது, 2021 மே மாதம் பிசிக்கு. அதன் தொடக்கத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. டீக்கன் என்கிற பைக் ஓட்டி, காயம்பட்ட மனைவியை ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டு, நண்பனுக்காகத் தான் பின்தங்குகிறான். அந்த ஒரு காட்சி மனதைப் பிடிக்கும். பிறகு பத்து மணி நேரம் காலடித்தடம் பார்த்துப் பின்தொடர், முகாமுக்குப் போ, அங்கே சொன்னதைச் செய், திரும்பி வா. ஒளிந்து ஒளிந்து ஒட்டுக்கேட்கும் வேலைகளில் யாராவது பார்த்துவிட்டால் முதலிலிருந்து. நினைவுக் காட்சிகளில் மெதுவாக நடந்தே தீர வேண்டும். வெளியான நேரத்தில் பக் வேறு ஏராளம். அந்த வாரத்தில் அவசரமாக விளையாடியவர்கள் கொடுத்த மார்க் தப்பென்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பைக்கைக் கவனியுங்கள். அதற்குப் பெட்ரோல் தீரும், அடிபட்டால் பழுதாகும். மழையில் சேற்றில் பின் சக்கரம் வழுக்கும். கோடநாடு சாலையில் பனிமூட்டத்தில் டேங்க் காய்ந்து வண்டி தள்ளியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். இங்கே அந்தப் பயத்தோடு இருட்டும் சேர்கிறது. சேவ் செய்வதற்கே பைக் பக்கத்திலோ, படுக்கை இருக்கும் இடத்திலோ நிற்க வேண்டும். அதனால் பைக்கை எங்கே நிறுத்துகிறோம், இறங்கி எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரு முடிவாகிறது. சாதாரணமாக அலுப்பூட்டும் ஒரு கட்டுப்பாடு இங்கே பொருள் தருகிறது. மேட் மேக்ஸ் போகப் போகத் தணித்த தாகத்தை இந்தக் கேம் கடைசிவரை காப்பாற்றுகிறது. பைக் எவ்வளவு வளர்ந்தாலும் டேங்க் காய்ந்தே தீரும்.

பாதிக்கு மேல் போனதும் கேம் முற்றிலும் எழுந்து நிற்கிறது. தொற்றுநோயால் வெறிபிடித்து மனிதர்களை வேட்டையாடும் கூட்டம் பகலில் குகைகளுக்குள் அடைந்து கிடக்கும், நூற்றுக்கணக்கில் இரவில் இரை தேடி வெளியே வரும். முதலில் அதைத் தூரத்தில் பார்த்துவிட்டு ஓடத்தான் தெரியும். பிறகு குறுகலான வழி எது, எங்கே நெருப்புக் குப்பி வீசுவது, எந்த மரத்தடியில் பைக்கைத் திருப்பி நிறுத்துவது என்று பகல் முழுக்கத் திட்டம் போட்டு, இரவில் அந்தக் கூட்டத்தை எதிர்கொள்ளும் நாள் வருகிறது. வெள்ளம் திரண்டு வருவது மாதிரி அது வரும். அந்த இரவுக்கு இணையாக விலை உயர்ந்த, மார்க் நிறைய வாங்கிய கேம்களிலும் நான் அதிகம் பார்த்ததில்லை. டீக்கனும் அதற்குள் நமக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவான். முதலில் முரடனாகத் தெரிந்தவன் ஏன் அப்படிப் பேசுகிறான் என்று புரிந்துவிடும். அந்தப் பத்து மணி நேரத்தைச் சுருக்கியிருக்கலாம், நிச்சயமாகச் சுருக்கியிருக்க வேண்டும். ஆனால் அது வெறும் நிரப்பல் இல்லை. ஏழ்மையில் தொடங்கியதால்தான் பின்னால் வரும் பலத்துக்கு ஒரு எடை கிடைக்கிறது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இது: நீ முடிப்பாயா? மேட் மேக்ஸைப் பதினைந்து மணி நேரத்தில் நிறுத்தினால் அதன் சிறந்த பகுதி முழுவதும் உன் கையில். டேஸ் கானை எட்டு மணி நேரத்தில் நிறுத்தினால் அதன் மோசமான பகுதிக்கு மட்டும் காசு கொடுத்திருப்பாய். வேலைக்குப் போய்க்கொண்டு, ஞாயிறு சாயங்காலம் மட்டும் உட்காரும் என் வயதுக்காரர்களுக்கு நான் தயங்காமல் மேட் மேக்ஸைச் சொல்வேன். வாரம் ஒரு மணி நேரம் கொக்கி வீசினால் போதும், திகட்டும் முன்பே மழைக்காலம் முடிந்துவிடும். பாதியில் விடும் பழக்கம் உள்ளவர்களுக்கும் அதுதான். தினமும் உட்கார நேரமும், இரண்டு மாத விடுமுறையும், எடுத்ததை முடிக்கும் பிடிவாதமும் உள்ளவர்களுக்கு டேஸ் கான்.

ஸ்டீமில் பணம் திரும்ப வாங்கும் வசதியை நம்பலாமா என்று கேட்டான். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் திரும்பக் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடு, கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று சோதிக்க அது போதும். கேம் எப்படி என்று தெரிந்துகொள்ளப் போதாது. இரண்டு மணி நேரத்தில் டேஸ் கான் தன்னை மறைத்துக்கொண்டிருக்கும், மேட் மேக்ஸ் தன் பலத்தை மட்டும் காட்டியிருக்கும். அத்தோடு அந்த 14 நாள் வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது, இறக்கி முடித்த நாளிலிருந்து இல்லை. ஒருமுறை தள்ளுபடியில் ஒரு கேம் வாங்கிவிட்டு, மண்சரிவில் கேபிள் அறுந்து பன்னிரண்டு நாள் வலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இறக்கித் திறந்து பார்த்தபோது நாள் தாண்டிவிட்டது. மழை அறிவிப்பு வந்திருக்கும் வாரத்தில் வாங்காதே.

காசே கொடுக்காமல் கிராக், அதாவது பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி, போட்டுத் தருகிறேன் என்று அவன் நண்பன் சொல்லியிருக்கிறானாம். அப்படிப் போட்ட கம்ப்யூட்டர்கள் மாதம் நான்கைந்து என் மேஜைக்கு வருகின்றன. பாஸ்வேர்டு போனவர்கள், போட்டோ எல்லாம் பூட்டிக்கொண்டவர்கள். சம்பாதித்த காசில் வாங்க வேண்டும் என்று இவன் நினைத்ததே எனக்குப் பெருமை.

அவனுக்கு நான் சொன்னது டேஸ் கான். சைக்கிள் டியூப் பஞ்சரானாலும் குன்னூர் வரை மிதித்தே போய்ச் சேருகிறவன் அவன், பத்து மணி நேரத்தைத் தாண்டிவிடுவான். அவன் கார்டில் கிராபிக்ஸை நடுத்தரத்தில் வைத்தால் ஓடும், என் கடையில் அதே கார்டில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நிழலின் தரத்தை மட்டும் ஒரு படி குறைக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் சேவைத் திறக்கும்போது கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கரண்ட் விஷயத்துக்கு, பழைய யூபிஎஸ் ஒன்றுக்குப் பேட்டரி மாற்றிக் கொடுக்கிறேன். பத்து நிமிடம் தாங்கும். ஓடிப்போய்ப் பைக் பக்கத்தில் நின்று சேவ் செய்ய அது போதும்.

மீதி இருந்தது டேஸ் கானின் 70 ஜிபியை இறக்கும் வேலை. கடையில் வலை கொஞ்சம் தேவலை, 20 எம்பிபிஎஸ் வருகிறது. அவன் கணக்கை என் கம்ப்யூட்டரில் திறந்து நேற்று இரவு எட்டு மணிக்கு இறக்கப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஸ்டீமிலேயே பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது. அதை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துப் போய் அவன் வீட்டில் ஏற்றினால் மறுபடி முழுவதும் இறக்கத் தேவையில்லை, சின்னதாக ஏதாவது அப்டேட் இருந்தால் மட்டும் இறங்கும். காலையில் கடை திறந்து பார்த்தேன். எல்லாம் இறங்கியிருந்தது. சாயங்காலம் கேத்தி பஸ்ஸில் வருகிறேன் என்று போன் செய்தான், ஹார்டு டிஸ்க்கை ஈரம் படாமல் எடுத்துப் போக பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொண்டு வரச் சொன்னேன்.